“மேக்கைத் திரும்ப ஓட்டு” என்றே சொல்லிக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்

படைப்புக்காக (முன்னோருக்குப் படையல் போடும் குடும்பச் சடங்கு) கானாடுகாத்தான் வீட்டுக்குப் போயிருந்தோம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு, கிளம்பும்போது மெயினையும் அணைத்துவிட்டுத்தான் வருவோம். அங்கே என் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது, அதில் உபுண்டு 20.04 லினக்ஸ். நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு சி ப்ரோகிராமுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 3 (நெட்டில் போகும் தகவலை மறைகுறியாக்க உதவும் லைப்ரரி) வேண்டும், அதிலோ 1.1.1தான் இருந்தது (அதற்கு 2023 செப்டம்பரோடு ஆதரவும் நின்றுவிட்டது). வீட்டில் நெட் கிடையாது என்பதால் அதன் சோர்ஸ் கோடைச் சென்னையிலேயே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

சோர்ஸை ஒரே கட்டாகக் கட்டியிருந்த டார் ஃபைலைப் பிரித்தபோது திரை நிறைய ஏதோ எச்சரிக்கை ஓடியது, யார் படித்தார்கள். கம்பைலுக்கு முன்னேற்பாடு செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒரு குறையும் சொல்லாமல் முடிந்தது. அடுத்து, கம்பைல் செய்யும் மேக் கட்டளையைக் கொடுத்தால் ஒரு ஃபைல்கூட கம்பைல் ஆகவில்லை. கான்ஃபிகர் தானாக இன்னொரு தடவை ஓடி, நட்சத்திரத்தால் கட்டம் கட்டி, ‘இதே மேக் கட்டளையைத் திரும்ப ஓட்டவும்’ என்று நின்றது. சரி என்று ஓட்டினேன். அதே கட்டம். ஏழெட்டுத் தடவை. ஜிசிசி கம்பைலர் மேல் சந்தேகம், ஃபோல்டர் பர்மிஷன் மேல் சந்தேகம், அப்புறம் பென்டிரைவில் ஃபைல் கெட்டுவிட்டதோ என்று ஷா256 செக்சம் பார்த்தால் அதுவும் சரியாகவே இருந்தது. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்திருந்த அப்பத்தா, “இன்னும் சொன்னதையே சொல்லுதாப்பா அந்தப் பெட்டி? சாப்பிட்டு வந்து பாரு” என்றார்.

சாப்பிட்டு வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு டாரை மறுபடி பிரித்தேன், இந்தத் தடவை எச்சரிக்கையைப் படித்தேன். ஒவ்வொரு ஃபைலும் 3 கோடிச் சொச்சம் வினாடி எதிர்காலத்தில் இருக்கிறதாம். ஒரு வருஷத்துக்கு 3,15,36,000 வினாடி. டேட் கட்டளை கொடுத்துத் தேதியைப் பார்த்தால் கம்ப்யூட்டர் இன்னும் போன வருஷத்துப் படைப்பிலேயே இருக்கிறது!

கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தது, நேரத்தைத் திருத்த நெட்டும் இல்லை. மேக்குக்குத் தெரிந்ததெல்லாம் எது புதுசு, எது பழசு என்பதுதான். கான்ஃபிகர் உண்டாக்கும் கான்ஃபிக்டேட்டா ஃபைலுக்குப் போன வருஷத் தேதி விழுகிறது, கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கோ இந்த வருஷத் தேதி. அதனால் ‘ஸ்கிரிப்ட் மாறிவிட்டது, திரும்பச் செய்’ என்று அது முடிவு கட்டுகிறது, திரும்பச் செய்தாலும் மறுபடி போன வருஷத் தேதிதானே. நூறு தடவை ஓட்டினாலும் தீராது.

தேதியைக் கையால் திருத்தியதும் அரை மணி நேரத்தில் கம்பைல் முடிந்தது, அதைச் சோதிக்கும் மேக் டெஸ்ட்டும் பாஸ். சாயங்காலம் காரைக்குடி போய் ஒரு வாட்ச் கடையில் சிஆர்2032 பட்டன் பேட்டரி வாங்கி மாட்டினேன்.

இன்ஸ்டால் செய்தபின் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரி ஃபைலான லிப்எஸ்எஸ்எல் 3 கிடைக்கவில்லை என்று இன்னொரு பிழை. இது எளிது: லைப்ரரி யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் லிப்64இல் போய் உட்கார்ந்துவிடுகிறது, உபுண்டு அங்கே தேடுவதில்லை. அந்தப் பாதையை, லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி.எஸ்ஓ.கான்ஃப் ஃபைலில் ஒரு வரியாகச் சேர்த்து எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டினால் போதும். பழைய 1.1.1ஐ மட்டும் தூக்கிவிடாதீர்கள், சிஸ்டத்தில் பாதி அதை நம்பித்தான் ஓடுகிறது.