பெரியம்மாவின் மூச்சும் எஃப்7 சாவியும்

என் லேப்டாப் திரை 1366-க்கு 768. பெரியம்மா பாடிய தாலாட்டுகளை ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தொகுக்க உட்கார்ந்தால், ஒலி அளவுகளைச் சரிசெய்யும் மிக்சர் கீழ்ப் பாதியை அடைத்துக்கொள்ளும். அதன்மேல் குரலின் கனத்தையும் கூர்மையையும் திருத்தும் ஈக்யூ ஜன்னல், அதற்கும் மேல் சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர். அலைவடிவத்துக்கு மிஞ்சுவது இரண்டு விரல் அகலம். இரண்டு வரிகளுக்கு நடுவே பெரியம்மா மெல்ல மூச்சிழுப்பார். அலைவடிவத்தில் அது மீசை முடி போலத் தெரியும். அதை வெட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இப்போது ஈக்யூ, கம்ப்ரஸர் போன்ற எஃபெக்ட் ஜன்னல்களையெல்லாம் டாக்கருக்குள், அதாவது ஜன்னல்களை ஒரே இடத்தில் அடக்கிவைக்கும் சட்டத்துக்குள் போட்டுவிட்டேன். அங்கே அவை டேப்களாக வரிசையில் நிற்கின்றன. ஆல்ட்+டி அழுத்தினால் டாக்கரே மறையும். மிக்சருக்கு கன்ட்ரோல்+எம்.

இதைவிட நல்லது ஸ்க்ரீன்செட், அதாவது ஜன்னல்கள் திரையில் இருக்கும் அமைப்பைச் சேமித்துவைக்கும் வசதி. வெட்டுவதற்கு அலைவடிவம் இருக்கும் டிராக் மட்டும் திரையில் இருக்கும்படி அமைத்து, ஷிஃப்ட்+எஃப்7 அழுத்திச் சேமித்தேன். மிக்ஸ் செய்யும் அமைப்பு ஷிஃப்ட்+எஃப்8. அப்புறம் எஃப்7, எஃப்8 என்று தட்டினால் போதும், திரை மாறிவிடும். கை மவுஸைத் தேடுவதில்லை, காது பாட்டிலேயே இருக்கிறது.

ஒன்று: வெளி மானிட்டரைக் கழற்றிய பிறகு ஒரு ஜன்னல் திரைக்கு வெளியே மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். விண்டோஸில் அந்த ஜன்னலைத் தேர்ந்து ஆல்ட்+ஸ்பேஸ், அடுத்து எம், பிறகு அம்புக்குறிச் சாவி. மெல்ல நகர்ந்து உள்ளே வரும்.

நேற்று இரண்டாவது தாலாட்டு முடிந்தது. மூச்சு எல்லாம் அப்படியே இருக்கிறது.