ஜென்டூவில் பைத்தான் 3.11-இலிருந்து 3.12-க்கு: நான்கு நாள் குறிப்பு

ஜென்டூ என்ற லினக்ஸ் வகையில் நிரல்களை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவித் தருவது போர்ட்டேஜ், அதை இயக்கும் கட்டளை எமெர்ஜ். அந்தப் போர்ட்டேஜே பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அதாவது பைத்தானை மாற்றித் தரும் ஆளே பைத்தானின் மேல்தான் நிற்கிறார். இது தெரியாமல் முன்பு ஒருமுறை பழைய பைத்தானைக் கையால் அழித்துவிட்டு, லைவ் யூஎஸ்பி (கணினியைத் தானே துவக்கக்கூடிய யூஎஸ்பி) போட்டு மீட்டிருக்கிறேன். இந்த முறை நிதானம்.

2024 ஜூன் 1 முதல் 3.12தான் இயல்புப் பதிப்பு என்று ஜென்டூவின் அறிவிப்பு மே மாதமே வந்துவிட்டது. ஒன்றும் செய்யாமல் வழக்கம்போல் அப்டேட் கொடுத்திருந்தாலும் மாறியிருக்கும். ஆனால் பாதி வழியில் ஏதாவது கம்பைல் ஆகாமல் நின்றால், கொஞ்சம் புதிதும் கொஞ்சம் பழையதுமாகக் கிடந்து தொல்லை. அதனால் அறிவிப்பிலேயே இருந்த மெதுவான வழியை எடுத்தேன்.

முதல் நாள். எந்தப் பொதியை (நிறுவும் நிரலை) எந்த அமைப்போடு கம்பைல் செய்வது என்று சொல்லும் பேக்கேஜ்.யூஸ் கோப்பில், பைத்தான் டார்கெட்ஸுக்கு 3.11, 3.12 இரண்டையும் கொடுத்து, சிங்கிள் டார்கெட்டை 3.11-லேயே விட்டேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் புரிய எனக்கு வெகுநாள் ஆனது. நூலகங்கள் ஒரே நேரத்தில் பல பைத்தான்களுக்கு நிறுவப்படலாம், அதற்கு டார்கெட்ஸ். சில நிரல்கள் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்கு சிங்கிள் டார்கெட். நூலகங்கள் பெரும்பாலும் சின்னவை, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்தது.

இரண்டாம் நாள் சிங்கிள் டார்கெட்டை 3.12 ஆக்கினேன். அங்கேதான் இருந்தது வினை. லிப்ரே ஆஃபீஸ் இந்த வகை. அதில் பைத்தானை எழுப்பி ஒரு மேக்ரோகூட நான் எழுதியதில்லை. ஆனாலும் முழுவதும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து ஜென்டூவே பைனரி பொதிகளும் (முன்பே கம்பைல் செய்தவை) தருகிறது, ஆனால் என் யூஸ் ஃப்ளாக்குகள் (எந்த வசதிகள் வேண்டும் என்ற தேர்வுகள்) அவற்றோடு பொருந்தாது. எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி. ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல் வேலைகளை இரண்டாகக் குறைத்து, விசிறி இரைய இரைய விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் டார்கெட்ஸிலிருந்து 3.11-ஐ எடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு படத்திருத்தி நிரல் 3.11-ஐ விடமாட்டேன் என்கிறது, அதற்கு வேண்டிய நூலகங்களில் 3.11 இல்லை. பொதியைத் தயாரித்தவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டு அரைமணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், போன வருடம் "இது மட்டும் முன்னதாகவே 3.11-க்குப் போகட்டும்" என்று பேக்கேஜ்.யூஸில் நானே எழுதிவைத்த வரி. அழித்தேன், போனது. இப்போதெல்லாம் அப்படி எழுதும் வரிக்கு மேலே தேதியும் காரணமும் கமெண்டாகப் போடுகிறேன்.

அப்புறம் டெப்கிளீன், அதாவது தேவைப்படாத பொதிகளை நீக்கும் எமெர்ஜ் வேலை. என்னவெல்லாம் போகப்போகிறது என்று காட்டும் பட்டியலை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சரி கொடுத்தேன். 3.11 போனது, எமெர்ஜ் உயிரோடிருந்தது.

நான்காம் நாள் பார்த்தால் என் சொந்தச் சாமான்கள்தான் உடைந்திருந்தன. வென்வ் சூழல்கள் (திட்டம் திட்டமாகத் தனியே வைத்துக்கொள்ளும் பைத்தான் அமைப்புகள்) எல்லாம் இல்லாத 3.11-ஐச் சுட்டிக்கொண்டிருந்தன. இவை போர்ட்டேஜின் கணக்கிலேயே இல்லாதவை, அதனால் யாரும் எச்சரிக்கவில்லை. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினேன். பிறகு, பழைய ஸ்கிரிப்ட் ஒன்று பைத்தானோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் நூலகத்தைக் கேட்டது, 3.12-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. நான் அதில் பயன்படுத்தியது பதிப்பு எண்களை ஒப்பிடும் ஒரே ஒரு வகுப்பைத்தான். பேக்கேஜிங் நூலகத்துக்கு மாற்றினேன், இரண்டே வரி.

பேக்கேஜ்.யூஸில் போட்ட தற்காலிக வரிகளையும் எடுத்தாயிற்று. லிப்ரே ஆஃபீஸை மட்டும் அடுத்த முறைக்குள் பைனரி பொதியாக மாற்றிவிட உத்தேசம்.