மருந்துச் சீட்டுக்கு நாலு நாள்தான் ஆயுள்

டோக்கியோவில் எனக்கு புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. புற்றுநோய் பயம் தீர்ந்தது, ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. ஆனால் விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருந்த வலி மட்டும் போகவேயில்லை. பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், கூழாங்கல் மேல் உட்கார்ந்த மாதிரி குத்தும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வலி மாத்திரையோ வயிற்றைக் கெடுத்தது. கடைசியில் யூராலஜி டாக்டரே கம்போ என்கிற ஜப்பானியப் பாரம்பரிய மூலிகை மருந்து எடுத்துப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்தார்.

ஜப்பானில் கம்போ எழுதித் தருவது நவீன மருத்துவம் படித்த டாக்டர்கள்தான். 148 கூட்டு மருந்துகள் காப்பீட்டில் வருகின்றன. என் பங்கு 30 சதவீதம்.

கம்போ டாக்டர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். அப்புறம் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, தொப்புளுக்கு இடது பக்கம் கீழே மூன்று விரலால் அழுத்தினார். சுருக்கென்று வலித்தது. ரத்தம் தேங்கி நிற்பதற்கு அது அடையாளமாம். ஆபரேஷனுக்கு அப்புறம் என் வலி இருக்கும் பக்கம் ஒருவர் கை வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது. கெய்ஷி புக்குரியோகான் எழுதினார். பாக்கெட்டில் 25 என்று எண் இருக்கும்.

அன்று வியாழன். பார்மசியில் ஒரே கூட்டம், உட்கார முடியாததால் வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை சீட்டை நீட்டினால், காலாவதி என்றார்கள். எழுதிய நாளையும் சேர்த்து நாலே நாள்தான் செல்லும், சனி ஞாயிறும் அதில் அடக்கம். கிளினிக்குக்கு ஓடினேன். கம்போ டாக்டர் இனி வியாழக்கிழமைதான் வருவார், மறுபடி எழுதித் தந்தால் காப்பீடு கிடையாது, முழுப் பணமும் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று ரிசப்ஷனில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம்! தயவுசெய்து படித்துவிடுங்கள். நாலு நாளுக்குள் மருந்து வாங்க வர முடியாது என்று தெரிந்தால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிக் கூடுதல் நாள் எழுதி வாங்கலாம்.

இன்னொன்று, ஒகுசுரி தேச்சோ என்கிற மருந்துக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாம் மாதம் சிறுநீர் எரிச்சலுக்கு 111 என்ற எண்ணுள்ள மருந்தையும் கம்போ டாக்டர் சேர்த்தார். வேறு மருந்து உண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். கெண்டைக்கால் பிடிப்புக்கு வேறொரு டாக்டர் கொடுத்த 68-ஆம் எண் கம்போ மருந்து நினைவிலேயே இல்லை. பார்மசியில் குறிப்பேட்டைப் புரட்டிய பெண் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டிலும் அதிமதுரம் இருக்கிறது. அளவு மீறினால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். 68-ஐ நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வெந்நீரில் கரைத்துக் குடிக்கிறேன், பட்டை வாசம் வரும். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது. மருந்தா, நாள் ஆனதாலா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. சரி, எனக்கு உட்கார முடிகிறதே, அது போதும்.

நாளை மறுநாள் வியாழன். சீட்டு கைக்கு வந்ததும், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி, நின்றுகொண்டே மருந்தை வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.