சொக்கன் தின்ற இரண்டு விதைகள்

மாமா அந்த விதைகளை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தபோது எனக்கே கையில் எடுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. பெரிய கொட்டைப்பாக்கு அளவு. செங்கல்லும் ஆரஞ்சும் கலந்த நிறம். மேலே பூனைமுடி மாதிரி மெல்லிய சுணை. நண்பர் வீட்டுத் தோட்டத்தில் பல வருஷமாக நிற்கும் செடியாம். முளைக்க வைத்துப் பார்க்கலாமென்று மொட்டைமாடியில் ஒரு முறத்தில் பரப்பி வைத்தார். மொத்தம் எட்டு. அவர் எதையும் எண்ணி வைக்கிற ஆள். அதுதான் பிற்பாடு உதவியது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் துணி எடுக்கப் போனேன். முறத்தில் ஆறுதான் இருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் எங்கள் நாய் சொக்கன் படுத்திருந்தான். பக்கத்தில் ஆரஞ்சுத் தோல் துணுக்குகள், உடைந்த ஓடு, உள்ளே இருந்த வெள்ளைப் பருப்பில் ஒரு பல் தடம்.

நான் பதறவில்லை. காரணம், போன வருஷம் இதே சொக்கன் மணி பிளான்ட்டைக் கடித்துக் குதறியிருக்கிறான். அரைமணி நேரம் எச்சில் ஒழுக ஒழுக முகத்தைத் தரையில் தேய்த்தான். வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு இரண்டு ஸ்பூன் தயிர் வைத்தேன், சரியாகிவிட்டது. அந்தச் செடியில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயைக் குத்தும், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அழகுக்கு வளர்க்கிற டைஃபென்பாக்கியா செடியும் அதே வகைதான், வீக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல். செடி என்றால் இவ்வளவுதான் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு முதல் வாந்தி. எட்டு மணிக்குள் இன்னும் இரண்டு. மூன்றாவதில் ஓட்டுத் துண்டு வந்தது. அதன்பிறகு போய்ச் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டான். "எல்லாம் வெளிய வந்துருச்சு, விடு" என்றார் என் வீட்டுக்காரர். கீழ்வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அத்தை பாலைக் காய்ச்சி ஆற்றிக்கொண்டிருந்தார். வழக்கமாகப் போகும் கிளினிக் ஞாயிறு விடுமுறை. இன்னொரு கிளினிக்குக்குப் போன் போட்டால், "ஓஆர்எஸ் குடுங்க, காலைல பாத்துக்கலாம்" என்று பதில். என்ன செடி என்று அவர்கள் கேட்கவும் இல்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாமாதான் நண்பருக்குப் போன் செய்து கேட்டார். நர்சரியில் 'சைகஸ்' என்று சொல்லி விற்பார்களே, அந்தச் செடி. இணையத்தில் தேடினால் 'சேகோ பாம்' என்று வருகிறது. வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "சேகோன்னா ஜவ்வரிசி, நம்ம சேலத்து சமாச்சாரம், திங்கிற பொருள்தானே" என்றார். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது. இந்தச் சைகஸ் பனை இனம்கூட இல்லை, தோற்றம்தான் அப்படி. வரவேற்பறையில் வைக்கிற அரிக்கா பாம் நாய்க்கு ஒன்றும் செய்யாது. இதுவோ வேர் முதல் இலை வரை விஷம், விதையில்தான் உச்சம். கேரளத்தில் இதே குடும்பத்து ஈந்துக் காயைப் பல தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள். அவ்வளவு பாடுபடுவது அந்த விஷத்தை எடுக்கத்தான். சைகசின் என்று அதற்குப் பெயர். நாயின் கல்லீரலை அரித்துவிடும். ஒன்றிரண்டு விதையே உயிரைக் குடிக்கப் போதும் என்று படித்த இடத்தில் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

மிச்ச விதை ஒன்று, ஓட்டுத் துண்டு, வாந்தியின் போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். பணியிலிருந்த டாக்டர் சின்னப் பெண். எடுத்ததும் நான்கு கேள்விகள்: என்ன செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாய் என்ன எடை? சைகஸ், இரண்டு விதை, மூன்று மணி வாக்கில், 14 கிலோ. கவரைப் பிரித்துப் பார்த்தவர், "கொண்டுவந்தீங்களே, நல்லதாப் போச்சு" என்றார். வீட்டில் என்ன கொடுத்தோம் என்றும் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பால் விஷத்தை முறிக்காது, உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே தனி ஆபத்தாகியிருக்கும் என்றார். அத்தை பாலை ஊற்றுவதற்குள் கிளம்பிவிட்டதற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஓடு கெட்டி என்பதால் விதைத் துண்டுகள் வயிற்றில் நெடுநேரம் தங்கும், வாந்தி எடுத்துவிட்டான் என்று நம்பி இருக்கக் கூடாது என்று விளக்கினார். விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும் மருந்துக் கரித்தூளைக் கரைத்துக் கொடுத்தார்கள். சொக்கன் மூஞ்சி, என் சுடிதார், மேஜை எல்லாம் ஒரே கறுப்பு. பிறகு டிரிப்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. டாக்டர் முகத்தில் மட்டும் மாற்றமே இல்லை. "இது இன்னிக்குக் காட்டாதுங்க. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஏறும். நாளைக்கும் எடுக்கணும், நாளன்னிக்கும் எடுக்கணும்."

அப்படியேதான் ஆயிற்று. திங்கட்கிழமை வாலாட்டிக்கொண்டு சோறு கேட்டான். செவ்வாய் காலை தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைய ரத்தத்தில், கல்லீரல் கெட்டால் ஏறும் ஏஎல்டி அளவு 640. நூறைத் தாண்டினாலே கவலை என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் காலையும் மாலையும் டிரிப், ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே ஊசி, கல்லீரலுக்கு சிலிமரின் மாத்திரை. ஈறும் கண்ணும் மஞ்சளாகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உதட்டைத் தூக்கினால் பாவம், கடிக்காமல் படுத்துக் கிடப்பான். திங்கட்கிழமை அவன் வாலாட்டியதைப் பார்த்து நாங்கள் டிரிப்பை நிறுத்தியிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் வந்து போகிறது.

வியாழன் 410. சனிக்கிழமை அரை இட்லி. மூன்று வாரம் கழித்து எடுத்ததில் 88. செலவு 11,000 ரூபாய் சொச்சம்.

மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மிச்ச விதைகளை அவரே கையுறை போட்டு எடுத்துக் கவரில் கட்டினார். பிறகு நண்பருக்குப் போன். அவர்கள் வீட்டில் லேப்ரடார் இருக்கிறது. "இத்தனை வருஷமா இருக்கு, அது தொட்டதே இல்லையே" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மாமா விடவில்லை. "காய்க்கிற தலைய மட்டுமாவது வெட்டிருங்க. நான் வேணா அருவா எடுத்துட்டு வர்றேன்." அடுத்த ஞாயிறு நிஜமாகவே போய்விட்டு வந்தார்.