பஞ்சு குட்டி போட்ட அந்த எட்டு வாரம்

எங்கள் முயல் பஞ்சுவின் நெஞ்சில் முடி இல்லாததை முதலில் பார்த்தது என் மகள். மாசி மாதக் கடைசி. கூண்டுக்கு அடியில் வெள்ளை முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. சொறி வந்துவிட்டது என்று பயந்து, அத்தனையையும் பெருக்கிக் குப்பையில் கொட்டினேன். அன்று சாயங்காலம் காய்ந்த அருகம்புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தது. அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. விடிந்து மாடிக்குப் போனால் கம்பித் தரையில் ஏழு குட்டிகள், ரோஜா நிறத்தில், ஒரு முடிகூட இல்லாமல், கண் மூடியபடி கிடந்தன.

ஐப்பசியில் வாரச்சந்தையில் வாங்கிய ஜோடி அது. "ரெண்டும் பொட்டைதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு மாதக் குட்டியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது. கறுப்பாக இருந்ததால் மிளகு என்று பெயர் வைத்த அந்த இன்னொன்று ஆண். முயல் ஐந்தாவது மாதத்திலேயே சினை பிடிக்கும். 30, 31 நாளில் குட்டி போட்டுவிடும். வயிறும் பெரிதாகத் தெரியாது.

ஏழில் ஒன்று கம்பி இடுக்கில் சிக்கி இறந்திருந்தது. இன்னொன்று ஐஸ் மாதிரி சில்லென்று அசையாமல் கிடந்தது. அதுவும் போய்விட்டது என்று நான் எடுத்து வைக்கப் போனபோது அத்தை கையைப் பிடித்தார். "சூடு காட்டிப் பாரும்மா, அப்புறம் சொல்லலாம்." பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டு சுற்றி, அதன் மேல் குட்டியை வைத்து கையால் மூடிக்கொண்டேன். கால் மணி நேரத்தில் வாயைத் திறந்தது. பிறந்த குட்டிக்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. பெட்டிக்குள் 30 டிகிரிக்குக் குறையாத கதகதப்பு வேண்டும். சில்லென்று இருக்கிற குட்டிக்குப் பால் கொடுத்தாலும் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால். இதை நான் யாரிடம் பேசினாலும் முதலில் சொல்வேன்.

பழக்கடையிலிருந்து ஒரு மரப்பெட்டி வாங்கி வந்தோம். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். தாய் வயிறு உரசாமல் ஏறி இறங்க முன்பக்கத்தை மட்டும் அரை அடிக்கு வெட்டினோம். அடியில் அட்டை, மேலே காய்ந்த புல். அதற்கு மேல் பரப்பத் தாயின் முடிதான் வேண்டும். அதைத்தான் நான் குப்பையில் போட்டிருந்தேன். கூடையைக் கவிழ்த்து, தூசி தட்டி, கிடைத்ததைப் பொறுக்கி எடுத்து வைத்தேன். பருத்திப் பஞ்சு, நூல் எதுவும் போடக்கூடாது. குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும்.

அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஆண் முயல் எங்கே?" என்பதுதான். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினை பிடிக்குமாம். மிளகை அந்த நிமிடமே தனிக் கூண்டுக்கு மாற்றினோம். ஆனால் இரவு முழுவதும் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பதினான்காம் நாள் பஞ்சுவின் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்து டாக்டர் "இல்லை" என்று சொல்லும்வரை அந்தக் கவலை இருந்தது.

அடுத்த மூன்று நாட்கள்தான் மிகக் கடினமானவை. பஞ்சு பெட்டிப் பக்கமே போகவில்லை. நாள் முழுக்க எதிர் மூலையில் உட்கார்ந்து தின்றது, தூங்கியது. குட்டிகள் என்று ஒன்று இருப்பதே தெரியாதது மாதிரி இருந்தது. மகள் அழுதாள். அத்தைக்கு வேறொரு சந்தேகம். சின்ன வயதில் மானாவாரிக் காட்டில் காட்டுமுயல் குட்டியைப் பார்த்திருக்கிறார். அது பிறக்கும்போதே முடியோடு, கண் திறந்து இருக்கும். "இது குறைமாசக் குட்டிதான், அதான் தாய் ஒதுக்கிருச்சு" என்றார்.

இரண்டும் வேறு வேறு சாதி என்று டாக்டர் விளக்கினார். காட்டுமுயல் வெட்டவெளியில் புல் மறைவில் குட்டி போடும். அதனால் குட்டி தயாராகப் பிறக்கிறது. நாம் வளர்ப்பது ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த முயலின் வம்சம். அது வளைக்குள் குட்டியை வைத்து, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். பக்கத்தில் நின்றால் நரிக்கு இடம் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை வந்து, மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். அதற்கேற்ற மாதிரி பால் கெட்டியாக இருக்கும். மாட்டுப் பாலைப் போல மூன்று மடங்குக்கும் மேலே புரதமும் கொழுப்பும். ஒதுங்கி இருப்பதுதான் அதன் காவல் என்று புரிந்தபோது பஞ்சுவின் மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"தாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காதீங்க, குட்டி வயிற்றைப் பாருங்க" என்றார் டாக்டர். அது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி. பால் குடித்த குட்டியின் வயிறு எலுமிச்சை மாதிரி உருண்டிருக்கும். தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரியும். பால் இல்லாத குட்டியின் வயிறு சுருங்கி, தோல் மடிப்பு விழுந்திருக்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து தினமும் பார்ப்பேன். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பழகிய முயலுக்கு அப்படி இல்லை. பஞ்சுவின் முதுகில் கையைத் தேய்த்துக்கொண்டு பெட்டிக்குள் கை விடுவேன். அது ஒரு நாளும் குட்டியை வெறுக்கவில்லை. பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து. செத்த குட்டி ஒன்று உள்ளே கிடந்தால் மற்றவற்றுக்கும் கேடு.

சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடை போட்டு நோட்டில் எழுதினோம். ஐந்து குட்டிகள் 45இலிருந்து 55 கிராம் வரை இருந்தன. சில்லிட்டுக் கிடந்த அந்தக் குட்டி மட்டும் 31. கடுகு என்று பெயர் வைத்தாள் மகள். இரண்டாம் நாளும் அதன் வயிறு சுருங்கியே இருந்தது. பெரிய குட்டிகள் முட்டித் தள்ளிவிட்டு எல்லாக் காம்பையும் பிடித்துக்கொள்கின்றன. மாட்டுப்பாலைச் சொட்டு மருந்துக் குழாயில் ஊட்டலாமா என்று கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்றார். மூக்கில் ஏறினால் நுரையீரலுக்குப் போய்விடும், செரிப்பதும் சந்தேகம். அதற்குப் பதில் ஒரு வழி சொன்னார். காலையில் பஞ்சுவை மடியில் துண்டு விரித்து உட்காரவைத்து, தலையை என் கக்கத்தில் மறைத்துக்கொள்வேன். மகள் கடுகை மட்டும் வயிற்றுக்கு அடியில் விடுவாள். மூன்று நிமிடம் அது தனியாகக் குடித்த பிறகுதான் மற்றவை. பஞ்சு முதல் நாள் உதைத்தது. மூன்றாம் நாள் தானாகவே அடங்கி உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் மற்றவை 110 கிராமைத் தாண்டியபோது கடுகு 70 கிராம். சிறியதுதான், ஆனால் வயிறு உருண்டையாக இருந்தது.

இனி பஞ்சுவின் சாப்பாடு. அத்தைக்கு அது பச்சை உடம்புக்காரி. பூண்டு உரித்துக்கொண்டு வந்துவிட்டார், பால் சுரக்கும் என்று. பூண்டும் வெங்காயமும் முயலுக்கு ஆகாது என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் கை வைத்த மற்றதெல்லாம் சரியாகவே இருந்தது. அகத்தி, முருங்கைக்கீரை, கல்யாண முருங்கை இலை என்று தினமும் ஏதாவது ஒன்று வந்துவிடும். மேலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வாரம் இரண்டு தடவை வேலிமசால் என்ற தீவனப் பயிரை அறுத்துக் கொடுத்தார். எந்தக் கீரையானாலும் ஈரத்தோடு போடாமல் ஒரு மணி நேரம் நிழலில் வாடவிட்டுப் போட்டோம். குச்சித் தீவனத்தை, அதாவது சிறு குச்சிகளாக அழுத்திய கலப்புத் தீவனத்தை, முன்பு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பால் கொடுக்கும் நாட்களில் நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தட்டு காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடிக்குள். காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கும். வயிறு ஓடிக்கொண்டே இருக்க நார்ச்சத்து வேண்டும். முயலின் குடல் நின்றுபோனால் ஒரே நாளில்கூட உயிர் போய்விடலாம்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். முன்பு கால் லிட்டர் குடித்த பஞ்சு, இரண்டாவது வாரத்தில் ஒரு லிட்டரைத் தொட்டது. பாட்டில் குழாயில் நக்கிக் குடிப்பது போதாது என்று கனமான மண் சட்டி வைத்தோம். தண்ணீர் இல்லாமல் தவித்த தாய் குட்டியைக் கடித்துத் தின்றுவிடுவதும் உண்டு என்று டாக்டர் சொன்னதிலிருந்து இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்காமல் நான் படுத்ததில்லை. பால் காம்புகளையும் தொட்டுப் பார்ப்பேன். கெட்டியாக, சுடச்சுட இருந்தால் மடி நோய். நல்லவேளை, வரவில்லை.

எறும்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்காம் நாள் காலையில் கூண்டின் காலில் கட்டெறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தது. முடியில்லாத குட்டி அதற்கு ஈடுகொடுக்காது. அத்தை நான்கு பழைய கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, கூண்டின் கால்களை அதற்குள் நிறுத்தினார். மீட்டு வைத்த உயிர்களில் பாதி அந்தக் கிண்ணங்களுக்குச் சேரும் என்பேன்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூருக்கு ஒருமுறை போனபோது, மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணையில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே மதியத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். இங்கே மதுரையில் தகரக் கூரை போட்ட மாடி. முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். கூண்டைக் கீழே கொல்லைப்புற வேப்பமர நிழலுக்கு இறக்கினோம். நனைத்த சாக்கை மேலே தொங்கவிட்டு, தரையில் இரண்டு நாட்டு ஓடுகளை நனைத்து வைத்தோம். பஞ்சு அதன் மேல் நீட்டிப் படுத்துவிடும். பெட்டிக்குள்ளும் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி விலகிப் படுக்க ஆரம்பித்தன. சூடு அதிகம் என்று அர்த்தம். மேலே இருந்த முடியைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன்.

பதினோராம் நாள் கண்கள் திறந்தன. ஒரு குட்டிக்கு மட்டும் பதிமூன்றாம் நாளும் ஒரு கண் ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பருத்திப் பஞ்சை நனைத்துத் துடைத்ததும் திறந்தது. மூன்றாவது வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே குதித்து, தாயின் தட்டிலிருந்தே கொறிக்கத் தொடங்கின. தாயின் புழுக்கையையும் சாப்பிட்டன. அருவருப்பாக இருந்தாலும் தடுக்கவில்லை. குடலுக்கு வேண்டிய நல்ல கிருமிகள் குட்டிக்கு அப்படித்தான் போய்ச் சேர்கின்றன.

ஆறாவது வாரம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உறவினர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகள் குட்டிகளுக்கு பிஸ்கட்டும் முட்டைக்கோஸ் துண்டும் ஊட்டியதை நான் அடுப்படியில் இருந்ததால் கவனிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு குட்டி முதுகை வளைத்து மூலையில் உட்கார்ந்திருந்தது. வயிறு உப்பி, பின்பக்கம் ஈரம். வீட்டில் மகளுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மருந்து மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்துப் பாருங்கள் என்றார் ஒருவர். நல்லவேளையாக டாக்டருக்குப் போன் செய்தேன். பெனிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்தை முயலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, மருந்தே கொன்றுவிடுமாம். அதைக் கொடுக்கவில்லை. ஆனாலும் விடிவதற்குள் குட்டி இறந்துவிட்டது. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மற்றவற்றின் புழுக்கையை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு இரத்தக் கழிச்சல் கிருமி, அதாவது காக்சிடியா, இருக்கிறது என்றார். தாய்ப்பாலிலிருந்து தீவனத்துக்கு மாறும் நாட்களில்தான் இது தாக்கும். தீவனம் திடீரென்று மாறினால் இன்னும் வேகமாக. தண்ணீரில் கலக்க சல்ஃபா மருந்து கொடுத்தார். தட்டு, பெட்டி எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தோம். கீரையை முழுவதும் நிறுத்தி ஒரு வாரம் காய்ந்த புல்லும் குச்சித் தீவனமும் மட்டும். ஐந்தும் பிழைத்தன.

எட்டு வாரம் முடிந்தபோது டாக்டர் பார்த்துச் சொன்னார்: மூன்று பெண், இரண்டு ஆண். கறிக்குக் கேட்டவர்களும் உண்டு, மறுத்துவிட்டேன். இரண்டு பெண் குட்டிகளைச் சேர்த்தே ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம், இங்கே தின்றுகொண்டிருந்த தீவனம் பத்து நாளைக்கு ஒரு பையில் கட்டிக்கொடுத்து. ஆண் இரண்டும் மேலூர்த் தோட்டத்தில் தனித்தனிக் கூண்டில் இருக்கின்றன. கடுகு பெண். அது பஞ்சுவோடு இங்கேயே இருக்கிறது. மிளகு பக்கத்துக் கூண்டில்.

ஆடியில் ஒரு நாள் பஞ்சு மறுபடி வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு அலைந்தது. நெஞ்சு முடியையும் பிடுங்கியது. பதறிப்போய்ப் போன் செய்தேன். ஆணோடு சேரவே இல்லையே என்றேன். கடுகு அதன் மேல் ஏறுகிறதா என்று கேட்டார். ஆமாம், பார்த்திருக்கிறேன். அது போதுமாம், பொய்ச்சினை, இரண்டு நாளில் அடங்கிவிடும், புல்லை மட்டும் பிடுங்காதீர்கள் என்றார்.

அந்த முடியை இந்த முறை நான் பெருக்கவில்லை. ஒவ்வொரு கொத்தாக எடுத்து, வெயிலில் காட்டி, காகிதப் பையில் போட்டு, தீவன டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.