ஒற்றியூரில் மூச்சு வாங்க நின்ற இடங்கள்

வடசென்னையில் இருக்கும் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரை வருஷத்தில் மூன்று நாள்தான் கவசமில்லாமல் பார்க்கலாம். கார்த்திகைப் பௌர்ணமியன்று கவசத்தைக் களைவார்கள், மூன்றாம் நாள் மறுபடி சாத்திவிடுவார்கள். புற்று வடிவான சுயம்பு என்பதால் மற்றக் கோயில்களைப் போல அவருக்குப் பால், தயிர் அபிஷேகமெல்லாம் கிடையாது. அந்த மூன்று நாளும் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள், அவ்வளவுதான்.

காசிமேட்டில் பிறந்து புதுவண்ணாரப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட எனக்கு இந்தக் கோயில் ஒன்றும் தூரமில்லை. வெள்ளிக்கிழமைகளில் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வருவது சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் கவசம் திறக்கும் நாட்களில் மட்டும் கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவேன். போன கார்த்திகையில் போனேன். மூச்சு இந்த நிலைமையில் இருக்கும்போது போகணுமா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். மூச்சு இந்த நிலைமையில் இருப்பதால்தான் போகணும் என்று சொன்னவர் அத்தை ஒருத்தர்தான். எழுபது வயதைத் தாண்டிய என் மாமியார். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் அப்பீல் இல்லை.

மூச்சு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் வாங்கும். ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏற ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சில நாள் வரும். உள்ளே இழுக்கிற காற்று கடைசிவரை போய்ச் சேராமல் பாதியிலேயே நின்றுவிடும். கொட்டாவி வருகிற மாதிரி வந்து, வராமல் போய்விடும். போனில் பேசினால் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் "எங்கேயிருந்து ஓடி வந்தே?" என்பார்கள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசியிருப்பேன்.

பார்க்காத பரிசோதனை இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, குழாயில் மூச்சைப் பிடித்து ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி, கடைசியாக சிடி ஸ்கேன். எல்லாமே நார்மல். விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டும், நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பேன். ஓர் இடத்தில் டாக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரிப்போர்ட் எல்லாம் சரியா இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க, போயிட்டு வாங்க" என்றார். டென்ஷன் உண்டாவென்று கேட்பதில் தப்பே இல்லை. பதிலைக் கேட்காமல் போகச் சொன்னதுதான் வலித்தது. அப்புறம் பார்த்த நெஞ்சு டாக்டர் நிதானமாகப் பேசினார். ஆஸ்துமா இருந்தாலும் தொந்தரவு இல்லாத நேரத்தில் ஊதினால் நார்மலாகவே வரலாம் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்துப் பார்த்தார். பெரிதாக வித்தியாசம் இல்லை. இன்ன நோய் என்று இப்போதைக்குப் பெயர் சொல்ல முடியவில்லை, ஆனால் உங்களுக்கு மூச்சு வாங்குவது நிஜம்தான் என்றார். அன்றைக்கு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பெயர் இல்லையென்றால் நோயே இல்லை என்று ஆகிவிடும்போல என்று அதுவரை பயந்துகொண்டிருந்தேன்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் காற்றைத்தான் குற்றம் சொன்னார்கள். சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? ஒருபக்கம் மணலி ஆலைகள், ஒருபக்கம் எண்ணூர் ஆலைகள், நடுவில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரிகள். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வீட்டைவிட்டு ஓடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. காற்று காரணமாக இருக்கலாம், ஆனால் அது மட்டும்தான் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். அத்தை கற்பூரவல்லியும் தூதுவளை ரசமும் வைத்துக் கொடுத்தார். ரசம் நன்றாக இருந்தது. மூச்சு அப்படியேதான் இருந்தது.

சரி, கோயிலுக்கு வருகிறேன்.

முதல் நாள் கூட்டத்தைத் தவிர்த்து இரண்டாம் நாள் காலையில் கிளம்பினோம். மெட்ரோ வந்ததிலிருந்து இந்தப் பயணம் சுலபமாகிவிட்டது. திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் கிட்டத்தில். நிலையத்தில் லிஃப்ட் இருப்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். முன்பு டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்று, புகை குடித்து, கோயிலுக்கு வருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

சன்னதித் தெருவில் அத்தை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். "நீ மெதுவா வா கண்ணு, நான் போய் வரிசையில இடம் புடிக்கிறேன்" என்றார். மருமகளுக்கு இடம் பிடிக்க மாமியார் ஓடுவதைப் பார்த்து ஒரு பூக்கார அம்மா சிரித்துவிட்டு, தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். பூ வாங்கச் சொல்லவில்லை. நானாகத்தான் இரண்டு முழம் கதம்பம் வாங்கினேன்.

வரிசை உள்ளே வளைந்து வளைந்து போனது. எனக்கு நடப்பதைவிடப் பெரிய பயம் வாசனைதான். ஊதுவத்திப் புகை, கற்பூரம், நெருக்கமான இடத்தில் பத்துப் பேரின் வியர்வை, இதில் எது வேண்டுமானாலும் என் மூச்சைக் கலைத்துவிடும். போதாததற்குப் புனுகு வேறு, சாம்பிராணி வேறு. முகக்கவசம் போட்டுக்கொண்டேன். கருவறையை நெருங்க நெருங்க அந்த வாசனை வந்தது. புகை இல்லை, தைலம்தான். கனமாக, கொஞ்சம் இனிப்பாக, பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருவதுபோல. நெஞ்சு அடைக்கப்போகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அடைக்கவில்லை. அதை அற்புதம் என்று எழுதமாட்டேன். எனக்குப் புகைதான் ஆகாது, எண்ணெய் வாசனை ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தது. விளக்கு வெளிச்சத்தில் தைலம் பூசிய கருமையான திருமேனி. வழக்கமாகப் பார்க்கும் லிங்கத்தின் வழவழப்பும் வடிவமும் மனதில் இருந்ததால் எங்கே பார்ப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. அதற்குள் "நகருங்க, நகருங்க" வந்துவிட்டது. என்ன வேண்டிக்கொண்டாய் என்று அத்தை கேட்டார். ஒன்றும் வேண்டிக்கொள்ள நேரமில்லை. வருஷம் பூராவும் கவசத்தைப் பார்த்துக் கும்பிட்டோம், உள்ளே இருந்தவர் இவர்தான் என்று மட்டும் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாததால் இல்லையென்று யாரும் சொல்லவில்லையே இந்த ஊரில்.

கருவறையைச் சுற்றி வரும்போது விமானத்தைப் பாருங்கள். பின்பக்கம் யானை படுத்த மாதிரி வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பியது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் நிழலும் குளிர்ந்த கல்லும் இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்து பிசியோதெரபி அம்மா சொல்லித்தந்த பயிற்சியைச் செய்தேன். நெஞ்சு டாக்டர்தான் அவரிடம் அனுப்பினார். முதல் நாள் அவர் என் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணினார். ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபதுக்குள் இருக்கணுமாம். எனக்கு அதைத் தாண்டிப் போனது. காற்று போதவில்லை என்ற பயத்தில் மேல்நெஞ்சால் மேலே மேலே இழுக்கிறீர்கள், முழுசாக வெளியே விடுவதே இல்லை என்றார். அப்படி வேகமாக இழுத்து இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும் என்றார். எனக்கு அப்படியே நடந்துகொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்து மூக்கால் மெதுவாக இழுக்கணும், உதட்டைக் குவித்து இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விடணும். இதனால் நோய் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. தாங்க முடியாத நேரத்தில் தாங்க உதவும் என்றார். உதவுகிறது.

தியாகராஜர் சன்னதியில் நிற்கும்போது இந்தக் கணக்கு மறுபடி ஞாபகம் வந்தது. திருவாரூர்த் தியாகராஜர் ஆடுவது அசபா நடனம். திருமாலின் நெஞ்சில் இருந்துகொண்டு, அவர் மூச்சு ஏறி இறங்குவதற்கேற்ப ஆடுகிறார் என்பது ஐதீகம். ஒரு நாளைக்கு மனிதன் 21,600 மூச்சு விடுகிறான் என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கும் உண்டு. வகுத்துப் பார்த்தால் நிமிஷத்துக்குப் பதினைந்து. பிசியோதெரபி அம்மா சொன்ன அளவுக்குள் கச்சிதமாக உட்காருகிறது. திருமால் எனக்கு வாய்த்தமாதிரி மூச்சு விட்டிருந்தால் தியாகராஜர் என்ன தாளத்தில் ஆடியிருப்பார் என்று அத்தையிடம் கேட்டேன். "வாயை மூடு" என்றார்.

அடுத்தது மகிழ மரம். இந்த இடத்தில்தான் சுந்தரர், தான் மணக்கவிருந்த சங்கிலியாரிடம், உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதிலும் ஒரு தகிடுதத்தம். சன்னதியில் சத்தியம் செய்யப்போகிறேன், அந்த நேரம் மட்டும் நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சாமியிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சாமி சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டார் சுந்தரர். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்ப, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் இதை நடத்துகிறார்கள்.

சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குக் கல்யாணம்தான் பிடிக்கும். இப்போது பிடிப்பது அதற்கப்புறம் வருவது. கண் தெரியாமல் தட்டுத்தடுமாறி வெண்பாக்கம் போய்ச் சேர்கிறார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். "உளோம் போகீர்" என்று பதில் வருகிறது. இருக்கிறோம், நீ போ. கூடவே ஓர் ஊன்றுகோல். கண்ணைக் கேட்டவருக்குக் கோல்! காஞ்சிபுரம் போனபிறகுதான் இடக்கண் கிடைக்கிறது. திருவாரூர் போய்த்தான் வலக்கண். அத்தனை தூரமும் பாட்டுப் பாடிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே போகிறார். கோபத்தில் கோலை வீசியதில் நந்தியின் கொம்பு உடைந்தது என்று சொல்வார்கள்.

சாமியின் தோழருக்கே தவணை முறையில்தான் என்றால் நான் எந்த மூலை? எனக்கும் இப்போதைக்குக் கோல்தான் கொடுத்திருக்கிறார், உதட்டைக் குவித்து ஊதுகிற கோல். வேண்டாம் என்று வீசவில்லை, ஊன்றித்தான் நடக்கிறேன். ஆனால் இது போதும் என்று நான் சொன்னதாக அவர் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். மகிழடியில் நின்று அதைத்தான் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தெற்குப் பார்த்து நிற்கும் வடிவுடையம்மனிடம் வழக்கம்போல நிறைய நேரம் இருந்தோம். ஏழுகிணற்றில் குடியிருந்த காலத்தில் வள்ளலார் இவளைப் பார்க்க நடந்தே வருவாராம். நான் நடந்தால் எத்தனை ஸ்டூல் வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். பட்டினத்தார் சமாதிக்கும் போகலாம் என்றார் அத்தை. கடற்கரைச் சாலையில் கண்டெய்னர் லாரிப் புழுதியை நினைத்து, வேண்டாம் என்றுவிட்டேன். பட்டினத்தார் கோபித்துக்கொள்ளமாட்டார்.

என்னைப் போல மூச்சு வாங்குகிறவர்கள் கார்த்திகைக்குப் போவதென்றால் கூட ஓர் ஆளை அழைத்துப் போங்கள். தண்ணீர், மருந்து கையிலேயே இருக்கட்டும். விரதம், வேண்டுதல் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் போனாலோ வரிசையைவிட்டு வெளியே வந்து 108-க்குச் சொல்லுங்கள். உட்கார இடம் கேட்க வெட்கப்படாதீர்கள். வரிசையில் எனக்காக அத்தை ஒரு காவலரிடம் வாதாடி, தடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியே போட வைத்துவிட்டார்.

அத்தைக்கு இப்போது பூண்டிமேல் கண். பழைய வெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. ஊன்றீஸ்வரரை மேட்டில் புதுக்கோயில் கட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கொம்பு உடைந்த நந்தியும் அங்கேதான். நெஞ்சு டாக்டரோ அடுத்த தடவை சைக்கிள் மிதிக்கவைத்து, மூச்சையும் இதயத்தையும் ஒருசேர அளக்கும் சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார். அது முடிந்ததும் பூண்டி என்கிறேன் நான். பூண்டி முடிந்ததும் அது என்கிறார் அத்தை. வேன்காரர் ஞாயிற்றுக்கிழமை வாடகை சொல்கிறேன் என்றிருக்கிறார்.