தாழ்ப்பாள் இல்லாத நிவாரண மையம்

ஆகஸ்ட் 6

வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் வெள்ளக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னை மாநகராட்சியில் வடக்குப் பகுதிக்கான பேரிடர் பிரிவைப் பார்த்துக்கொள்ள வந்த பிறகு என் காலண்டரே மாறிவிட்டது. வீட்டில் எல்லோரும் தீபாவளி என்றைக்கு என்று பார்ப்பார்கள், நான் ஐப்பசி அமாவாசை என்றைக்கு, அன்று கடல் எவ்வளவு ஏறும் என்று பார்ப்பேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நாள்தான் என்பது வேறு விஷயம்.

புதிதாக வந்த உதவிப் பொறியாளர் ஒருவர், "மழை நின்னா தண்ணி வடிஞ்சுடும்ல மேடம்" என்றார். அவரை உட்கார வைத்து வரைபடத்தைக் காட்டினேன். தி. நகரில் தேங்குவது பெரும்பாலும் அங்கேயே பெய்த மழை. எங்களுக்கு வருவது வெளியூர்த் தண்ணீர். பூண்டி ஏரி 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பித் திறந்தால் கொசஸ்தலையாறு வழியாக வெள்ளிவாயல்சாவடி, இடையன்சாவடி, மணலி புதுநகர், சடையான்குப்பம் என்று வரிசையாக வந்து எண்ணூரில் கடலைத் தேடும். புழல் ஏரியைத் திறந்தால் அந்த உபரிநீர்க் கால்வாய் வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர் வழியாக அதே சடையான்குப்பத்துக்குத்தான் வரும். பக்கிங்காம் கால்வாயும் போய்ச் சேர்வது அங்கேதான். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிவும் மணலும் மேடு தட்டி, கடலும் ஏறி நின்றால் தண்ணீர் எங்கே போகும்? பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். 2021 நவம்பரில் மணலி புதுநகரில் பார்த்தது அதுதான்.

பூண்டியில் மதகைத் தூக்கியதிலிருந்து தண்ணீர் இங்கே வந்து சேரும் வரை கொஞ்சம் நேரம் கிடைக்கிறது இல்லையா, அந்த நேரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆகஸ்ட் 21

நிவாரண மையங்களைப் பார்க்கப் போனேன். பட்டியலில் பள்ளிகள், சமுதாய நலக்கூடங்கள் என்று வரிசையாக இருக்கின்றன, எதிரே "தயார்" என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது. யார் எழுதினார்களோ தெரியவில்லை.

எர்ணாவூர் பக்கம் ஒரு பள்ளி. கீழ்த்தளத்தில் தண்ணீர் வரும் என்பதால் மக்களை முதல் மாடி வகுப்பறைகளில் தங்க வைப்பதாகத் திட்டம். சரி. கழிவறை எங்கே என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனார்கள்: மைதானத்தின் கடைசி மூலை, தரையோடு தரையாக. முழங்கால் தண்ணீர் வந்தாலே அது முழுகிப்போகும், அதற்குப் பயந்துதானே மக்களை மாடிக்கு ஏற்றுகிறோம்! கதவைத் தள்ளிப் பார்த்தேன். மூன்று கதவில் இரண்டில் தாழ்ப்பாள் இல்லை, ஆணி அடித்த துளைகள் மட்டும் துருப்பிடித்து இருந்தன. மூன்றாவதில் கொக்கிக்குப் பதிலாக ஒரு சணல் கயிறு, உள்ளே இருப்பவர் கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். விளக்குக்கு ஹோல்டர் இருக்கிறது, பல்பு இல்லை.

வெளியே குழாயடியில் நின்ற ஒரு அக்காவிடம் போன வெள்ளத்தில் இங்கே வந்து தங்கினீர்களா என்று கேட்டேன். "இன்னா மேடம், கிண்டலா? வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு பேர வச்சுக்கினு ராத்திரி பாத்ரூமுக்கு இன்னா பண்றது? இடுப்பளவு தண்ணினாலும் என் ஊட்ல கட்டில் மேல குந்திக்கினு இருப்பேன்."

"எச்சரித்தும் மக்கள் வெளியேற மறுத்தனர்" என்று ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு வரி வரும், நானே எத்தனையோ அறிக்கையில் படித்திருக்கிறேன். மறுத்ததற்குக் காரணம் அந்த சணல் கயிறு என்று யாரும் எழுதுவதில்லை. இந்த வருஷம் என் வேலை கழிவறை, சாவி, பல்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

செப்டம்பர் 10

ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பெரிய திரை, செயற்கைக்கோள் படம், எந்தத் தெருவில் எத்தனை செ.மீ. தண்ணீர் நிற்கும் என்று நிறம் நிறமாகக் காட்டியது. நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தெருக்காரர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், போன வெள்ளம் நின்ற கோடு சுவரில் இருக்கிறது.

சட்டப் பக்கம் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைமையில் ஆணையம். மாநகராட்சி அதில் ஒரு கை மாதிரி. 2025 திருத்தத்தில் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புற ஆணையம் அமைக்கலாம், மாநகராட்சி ஆணையர் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர் என்று வந்திருக்கிறது. அதிகாரம் வரட்டும், கூடவே தனி நிதித் தலைப்பும் வந்தால் தேவலை. இப்போது தாழ்ப்பாள் வாங்கக்கூட நான் கோப்பில் மூன்று மேசை சுற்ற வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 27

எண்ணூரில் அமோனியா வாயுக் கசிவு ஒத்திகை. அபாய ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி ஆலைக்கு வெளியே நடக்க வேண்டிய அவசரத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்தில் வாயு கசிந்தபோது தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்களிடம் இதைப் பற்றி விளக்க வேண்டியதே இல்லை. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் மழை, அதோடு சேர்ந்து வீட்டுக்குள் எண்ணெய்க் கழிவு. ஒரே மாதத்தில் தண்ணீர், எண்ணெய், வாயு என்று மூன்றையும் பார்த்த ஊர் வேறு எங்கே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், வெள்ளத்துக்கும் வாயுவுக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு. வெள்ளம் என்றால் மூட்டையைக் கட்டு, முகாமுக்கு வா. அமோனியா என்றால் மூட்டை கட்ட நேரமில்லை, ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே நட. காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். இதற்கு நடுவில் சங்கு வேறு. ஆலையில் ஷிப்டு மாறினாலும் சங்கு, சோதனைக்கும் சங்கு, ஆபத்துக்கும் சங்கு. இன்று ஒலித்தபோது மீன் அரிந்துகொண்டிருந்த ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டீ டைம் ஆயிடுச்சா" என்று பேரனைக் கேட்டார்.

சங்கோடு மனிதக் குரலும் வர வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். கோயில், மசூதி, மாதா கோயில் ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்திக்கொள்ள மூன்று இடத்திலும் பேசியாயிற்று. மூன்று பேருமே சரி என்றார்கள், டீயும் கொடுத்தார்கள்.

அக்டோபர் 9

வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையில் பம்பு சோதனை. மோட்டார் ஓடுகிறது, சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. பம்பு ஆபரேட்டர் அண்ணன் ஒன்றும் பேசாமல் உறிஞ்சு குழாயைத் தூக்கி, அடியில் இருக்கும் வால்வைக் கழற்றி, உள்ளேயிருந்து பால் கவர், கேரி பேக், ஒரு குழந்தைச் செருப்பு எல்லாவற்றையும் விரலால் தோண்டி எடுத்தார். திரும்ப மாட்டி, மேலேயிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். கொட்டியது. எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வாங்கினாலும் மழை நேரத்தில் வால்வைச் சுற்றிக் குப்பை எடுக்க ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு ரெயின்கோட், பூட்ஸ், இரவுச் சாப்பாடு. அதையும் பட்டியலில் சேர்த்தேன்.

அக்டோபர் 18

காசிமேட்டில் பைபர் படகுக்காரர்களோடு பேச்சு. கூப்பிட்டால் வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீசல் காசை அன்றன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் கேட்டார்கள். நியாயம். ஒரு பெரியவர், "யம்மா, கடல்ல போறது வேற, தெருவுல போறது வேற, அடியில பைக் கெடக்கும், கேட்டு கெடக்கும், ஒயர் கெடக்கும்" என்றார். ஒவ்வொரு படகிலும் அந்தத் தெருக்காரர் ஒருவர் ஏற வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பள்ளிகளில் தாழ்ப்பாள் போட்டாயிற்று. எர்ணாவூரில் முதல் மாடியிலேயே ஒரு சின்ன அறையைத் தடுத்து இரண்டு கழிவறை கட்டியாயிற்று, மேலே தனியாக சின்டெக்ஸ். சாவி மூன்று: ஒன்று தலைமை ஆசிரியரிடம், ஒன்று வார்டு அலுவலகத்தில், ஒன்று பள்ளிக்கு எதிர்வீட்டில். மூன்றாவது சாவிக்குத்தான் எதிர்ப்பு வந்தது. ராத்திரி 2 மணிக்கு அங்கே இருக்கப்போவது எதிர்வீட்டுக்காரர் மட்டும்தானே!

அக்டோபர் 29, இரவு

சிவப்பு எச்சரிக்கை. அதாவது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பூண்டியில் உபரிநீரைக் கூட்டுகிறார்கள் என்று மதியமே தகவல். சடையான்குப்பம், மணலி புதுநகரின் தாழ்வான தெருக்கள், எர்ணாவூர் கால்வாய் ஓரம் எல்லாவற்றையும் இருட்டுவதற்கு முன் காலி செய்யச் சொன்னேன். இருட்டிய பிறகு யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது.

இப்போது மணி 11. மாநகராட்சியின் உதவி எண் 1913க்கு வரும் அழைப்புகளில் பாதி மின்சாரம், கால்வாசி பாம்பு. எழுதியது போதும்.

அக்டோபர் 30

தூங்கவில்லை. எர்ணாவூர் பள்ளிக்கு விடியற்காலை போனேன். வகுப்பறைகள் நிறைந்து வராந்தாவிலும் பாய். குழாயடி அக்கா இருந்தார், இரண்டு பெண்களும் இருந்தார்கள், பெரியவள் செல்போன் டார்ச்சில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். "ஆடு ரெண்டு கீது மேடம், வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்குறான்" என்றார் அக்கா. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைத் திறக்கச் சொன்னேன். அதன் பிறகு எங்கிருந்தோ ஆறேழு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் வந்து சேர்ந்தன, கூடவே அதுவரை வர மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்த அவற்றின் சொந்தக்காரர்களும்.

தெருவில் இடுப்பளவு தண்ணீர். அம்மா உணவகத்து இட்லி எட்டரைக்கு வந்தது. தாமதம்தான், ஆனால் சூடாக இருந்தது.

நவம்பர் 2

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறு, பிளீச்சிங் பவுடர், எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை, மருத்துவ முகாம் என்று நாள் போகிறது.

ஒன்று உறுத்துகிறது. மணலி பக்கம் ஒரு தகர ஷெட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் இரவு முழுக்க மேலே ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம், கோயிலில் சொன்னோம், எல்லாம் தமிழில். ஏதோ அரசியல் கூட்டம் என்று நினைத்தோம் என்கிறார்கள். மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார், அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை, ரேஷன் கார்டும் இங்கே இல்லை. இனி ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு தொடர்பு எண் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தி, வங்காளி, ஒடியா மூன்றிலும் அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகும் என்று இன்றே பேச்சு அடிபடுகிறது. இந்திக்கு எங்கள் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் வேலை பார்க்கும் பீகார் பையன் ஒத்துக்கொண்டான், நாளைக்கு மூணு மணிக்கு மேல்தான் அவனுக்கு ஓய்வு. ஒடியாவுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.